ஒரு வைட்டமின் போத்தலும் பதினோரு நாளும்

சுகு,

நீ இதைப் படிக்கும்போது நாளை என்பது முடிந்துபோயிருக்கும். நடந்தது எல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். எழுதுகிற எனக்குத்தான் ஒன்றும் தெரியாது. இப்போது பிற்பகல் மூன்று மணி. மாசாய் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இடைநிலைப்பள்ளியில் நீ மிச்சம் வைத்த கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்கு உன்னை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். முப்பத்தேழு வாரம் ஆகிவிட்டது, பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, இனிமேல் காத்திருப்பதில்தான் ஆபத்து அதிகம், மருந்து வைத்து வலியை வரவழைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் அம்மா அடுக்களையில் எதையோ வறுத்துக்கொண்டிருக்கிறாள். என்ன வறுக்கிறாய் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. காலையிலிருந்து ஒரே குழந்தைத் துணியை நான்கு தடவை மடித்துவிட்டாள். ஐந்தாவது தடவை அதைப் பிரிக்கும்போது நான் பார்த்துவிட்டேன் என்று என் மேல் கோபமாக இருக்கிறாள்.

இன்றைக்கே ஆயர் ஈத்தாமில் உன் மாமியார் வீட்டுக்கு வந்து இதை உன் கையில் கொடுக்கத்தான் நினைத்தேன். "இருக்கிற பிரஷர் போதாதா? நீங்க வேற ஏத்தி விடணுமா?" என்றாள் உன் அம்மா. நியாயம்தான். அதனால் உறையில் போட்டு ஒட்டி, நாளை கதிரிடம் கொடுத்துவிடுவேன். பிள்ளை பிறந்து, உன் பிரஷர் இறங்கி, நீ நன்றாக ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகு கொடு என்று சொல்லிவிடுவேன். உன் கணவன் சொன்னால் சொன்னபடி செய்கிறவன். கொடுக்கக்கூடாததைக் கொடுக்கக்கூடாத நேரத்தில் கொடுக்கிற திறமை நம் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் உண்டு. ஏன் இப்படி எழுதுகிறேன் என்று போகப் போகப் புரியும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், உன் மாமியார் வீட்டு அடுக்களையில், நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத சொல்றதுக்காகவே இவ்ளோ தூரம் வந்தீங்களாப்பா? தேங்க்ஸ்பா" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. நான் தலையை ஆட்டினேன். சுகு, நான் அதைச் சொல்ல வரவில்லை. சொல்லாமல் தப்பிக்க வந்தேன். தப்பிக்க வழியில்லாமல் போனதால் சொன்னேன். அந்த நன்றியை ஐந்து மாதமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அதோடு நாளை அந்த வார்டு வாசலில் என்னால் நிற்க முடியாது.

உன்னைச் சுமந்தபோது உன் அம்மாவுக்கு என்ன நடந்தது என்பதை அன்று உன்னிடம் பாதிப் பாதியாக விழுங்கிச் சொன்னேன். இப்போது முழுதாகச் சொல்கிறேன். அப்போது நாங்கள் ரெங்கம் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். நான் படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். பள்ளிக்கூடம்தான் எனக்கு விடை கொடுத்தது என்று உன் அம்மா திருத்துவாள். செம்பனைக் குலை வெட்டுகிற வேலை. நீ வயிற்றில் எட்டு மாதம். ஒரு வாரமாக அவளுக்குத் தலைவலி. கை, கால், முகமெல்லாம் வீங்கிவிட்டது. "கல்யாணத்தப்ப என்னைவிட அழகா இருந்தா, இப்ப எனக்கு ஏத்த ஜோடி ஆயிட்டா" என்று லயத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அவளும் சிரித்தாள். கண்ணுக்கு முன்னால் மின்மினி மாதிரி பறக்கிறது என்றாள். "அப்ப விளக்கு போட வேணாம்" என்றேன். தைலத்தைக் கொடுத்து நெற்றியில் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்த வாரம் கிளினிக்குக்குப் போக வேண்டிய நாள் ஒன்று இருந்தது. எனக்குப் பந்து விளையாட்டு இருந்தது. அடுத்த வாரம் போலாம் என்றேன்.

அடுத்த வாரம் வருவதற்குள், ஒரு காலை பத்து மணிக்கு, செம்பனைக் காட்டில் வேலையில் இருந்த என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். வீட்டுத் தரையில் உன் அம்மா உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுக்கக் கிடந்தாள். வாயில் நுரை. சுற்றி நின்றவர்கள், "வலிப்பு, கையில இரும்பக் குடு" என்றார்கள். என்னிடம் இருந்த இரும்பு மோட்டார் சைக்கிள் சாவிதான். அதை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, என் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். சாவிக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இப்போது தெரியும். அன்று தெரியாது. கார் வைத்திருந்தவர் தோட்ட ஆபிஸில் கணக்கு எழுதுகிற கிராணி ஒருவர்தான், அவர் வீடு முக்கால் மைல் தள்ளி. மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிறது. சாவி அவள் கைக்குள் இருக்கிறது. விரல்கள் திறக்கவில்லை. வண்டி ஓட்டத் தெரிந்தவன், வண்டி பக்கத்தில் நிற்க, அந்த முக்கால் மைலையும் வெறுங்காலோடு ஓடினேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு யாராவது செய்திருந்தால் நான் வருஷக் கணக்கில் சொல்லிச் சிரித்திருப்பேன்.

கிராணியின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் வயிற்றைக் கிழித்து உன்னை எடுத்தார்கள். இரண்டு கிலோகூட இல்லை. உன் அம்மாவுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் நினைவு வந்தது. அவள் வலது உள்ளங்கையில் பல் பல்லாக ஒரு தழும்பு இருக்கிறதே, தேங்காய் துருவும்போது வெட்டிக்கொண்டது என்று உன்னிடம் சொல்லி வளர்த்தோமே, அது என் சாவி. அங்கே இருந்த பெண் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, மலாயில், எனக்குப் புரிய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். இது வலிப்பு நோய் இல்லை, கர்ப்பத்தில் பிரஷர் ஏறியதால் வந்தது. அடுத்த பிள்ளைக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்தக் குழந்தை வளர்ந்து ஒரு நாள் கர்ப்பமானால், அப்போதும் மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் அம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வரலாம். நான் தலையை ஆட்டினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் என் கை அளவுக்கு நீ கிடந்தாய். நீ வளர்ந்து கர்ப்பமாவாய் என்று ஒருவர் சொன்னது, அன்று எனக்கு எச்சரிக்கையாகப் படவில்லை. ஆறுதலாகத்தான் பட்டது.

லயத்துக்குத் திரும்பியபோது உன் அம்மாவுக்குப் பேர் மாறியிருந்தது. வலிப்புக்காரி. நோய் இல்லை, பிரஷர் என்று நான் சொல்லிப் பார்த்தேன். எந்த நாளும் ஜோக் அடிக்கிறவன் சொன்னால் யார் நம்புவார்கள். கோயில் பொங்கலுக்கு அவளை அடுப்புப் பக்கம் விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன் பிள்ளையை அவள் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள், விழுந்துவிடுவாளாம். அந்தப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு உன் அம்மா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆறு மாதத்தில் மாசாய்க்கு வந்துவிட்டோம். பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை கிடைத்தது. இனிமேல் இதைப் பற்றிப் பேசக்கூடாது என்று நாங்கள் முடிவெடுத்தது கிடையாது. பேசவில்லை, அவ்வளவுதான். இன்னொரு பிள்ளையும் பெற்றுக்கொள்ளவில்லை. ஏன் எனக்குத் தம்பி தங்கச்சி இல்லை என்று நீ கேட்டபோதெல்லாம், உன்னை மாதிரி இன்னொண்ணா, வீடு தாங்குமா என்று கேட்டுத் தப்பித்தேன்.

உன் நிச்சயதார்த்தம் நினைவிருக்கிறதா? நீ உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தாய். தட்டு மாற்றுவதற்கு முன்னால் உன் மாமியார் சாதாரணமாகத்தான் கேட்டார்: "கேக்கணுமேன்னு கேக்குறேன் அண்ணே, வீட்டுல யாருக்கும் சர்க்கரை, வலிப்பு, அப்படி ஏதும் இல்லியே?" அந்தக் கேள்வியில் குறை ஒன்றும் இல்லை. பெண் கொடுக்கிறவனும் எடுக்கிறவனும் கேட்டுக்கொள்வதுதான். உன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், வலது கையை மூடிக்கொண்டு. "எங்க வீட்டுல ஒரே நோய் என் வாய்தான் சம்பந்தி, அது பொண்ணுக்கு ஒட்டல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் தட்டைக் கொடுத்துவிட்டேன். பொய் சொன்னதாகவே எனக்குத் தோன்றவில்லை. ஜோக்தானே அடித்தேன்.

அப்புறம் நீ முதல்முதலாகக் கர்ப்பக் கிளினிக்குக்குப் போன நாள். பதின்மூன்று வாரம். அன்று மாலை போன் பண்ணினாய், நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "கர்ப்பக் கணக்கு எழுதுற பிங்க் புத்தகம் குடுத்துட்டாங்கப்பா. என்னென்னமோ கேள்வி. அம்மா என்ன சொமக்கும்போது பிரஷர் இருந்துச்சா, வலிப்பு வந்துச்சான்னுகூட கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன். சரிதானே?" உன் அம்மா கையிலிருந்த கரண்டி சட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது. ஒரு வார்த்தை, சுகு. 'இல்லை, வந்தது' என்று சொன்னால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். நான் சொன்னது என்ன தெரியுமா? "உங்கம்மாவுக்கு பிரஷர் குடுக்கத்தான் தெரியும், வாங்கத் தெரியாது." நீ சிரித்தாய். போனை வைத்தாய். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கிடங்கில் இரண்டு டன் பாரத்தை ஒரு சிராய்ப்பு இல்லாமல் மேல் தட்டில் ஏற்றி வைத்தவன் நான். என் சொந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தையை இறக்கி வைக்கத் தெரியவில்லை. சொன்னால் நீ புத்தகத்தில் எழுத வைப்பாய், புத்தகத்தைக் கதிர் பார்ப்பான், கதிர் பார்த்தால் சம்பந்தி பார்ப்பார், லயத்தில் உன் அம்மாவுக்கு வந்த பேர் ஆயர் ஈத்தாமில் உனக்கு வரும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். உனக்கும் உன் பிள்ளைக்கும் என்ன வரும் என்று அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் என் இருதய மருந்தை வாங்க கிளினிக்குக்குப் போனேன். மருந்து கொடுக்கிற இடத்தில் உன் வயசில் ஒரு மலாய்ப் பெண். என் மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இந்தச் சின்னது அஸ்பிரின், இரத்தம் கட்டாமல் இருக்க, சாப்பாட்டுக்குப் பிறகு என்று வழக்கம்போல் சொன்னாள். "இதெல்லாம் கர்ப்பமா இருக்கிறவங்க கிட்டயே கொண்டு போகக்கூடாது இல்லையா?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். "அப்படி இல்ல அங்கிள். சில பேருக்கு டாக்டரே குடுப்பாங்க, இதே மாதிரி குறைஞ்ச அளவு. பிரஷர் ஏறுற ஆபத்து இருக்கிறவங்களுக்கு. முதல் பிள்ளை, அம்மாவுக்கோ அக்காவுக்கோ முன்னாடி வந்திருக்கு, அந்த மாதிரி பாத்துக் குடுப்பாங்க." எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டேன். "சீக்கிரம் தொடங்கினாத்தான் பலன். பன்னிரண்டு வாரத்துக்கு அப்புறம், பதினாறு வாரத்துக்குள்ள. ரொம்ப லேட்டானா அவ்வளவா பிரயோஜனம் இல்ல." பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "யாரு கர்ப்பம் அங்கிள்? உங்க மாத்திரைய எடுத்துக் குடுத்துடாதீங்க. ஆஸ்துமா இருக்கா, வயித்துப் புண் இருக்கா, எல்லாம் டாக்டர் கேக்கணும்." யாரும் இல்லை, தெரிந்தவர் ஒருவர் என்றேன். உன்னையே 'தெரிந்தவர் ஒருவர்' ஆக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து காலண்டரில் எண்ணினேன். பதினாலு வாரமும் இரண்டு நாளும். பதினாறுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரு மனுஷன் இப்போதாவது போனை எடுத்திருப்பான். எனக்கு வேறு யோசனை வந்தது. உன்னிடம் இதுவரை சொல்லாதது இதுதான். மருந்துக்கடையில் ஒரு வைட்டமின் போத்தல் வாங்கினேன். உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, என் அஸ்பிரின் மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி அதில் போட்டேன். குளியலறைக்குள் உட்கார்ந்து செய்தேன், உன் அம்மாவுக்குத் தெரியாமல். மருந்தும் உனக்குப் போய்ச் சேரும், உண்மையும் வெளியே வராது. அந்த நேரத்தில் எனக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. கொட்டிய வைட்டமினை வீணாக்கக்கூடாது என்று நானே தின்றேன். தினம் இரண்டு. முடி முளைக்கும் என்று பார்த்தேன், அதுவும் இல்லை.

பதினோராம் நாள் உன் மாமியார் வீட்டுக்குத் தனியாக வந்தேன். வாசலில் பூந்தொட்டிகளைக் கதிர் லோரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். உள்ளே உன் மாமியார் அடுப்படியில். நீ என் கையிலிருந்து போத்தலை வாங்கிப் பார்த்தாய். "அப்பாவே வாங்கிட்டு வந்தீங்களா? அதிசயமா இருக்கே. எத்தன போடணும்?" "ஒண்ணு. சாப்பிட்ட பிறகு." என்றேன். "இப்பதான் சாப்பிட்டேன், இப்பவே ஒண்ணு போட்டுக்கிறேன்" என்று ஒரு மாத்திரையை உள்ளங்கையில் தட்டினாய். என்ன மாத்திரை என்று பார்க்கவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை. அப்பா கொடுத்தது, அவ்வளவு போதும் உனக்கு. தண்ணீருக்குக் கையை நீட்டினாய். ஃபிரிட்ஜ் மேல், தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில், உன் நீல இன்ஹேலர் இருந்தது.

ஆஸ்துமா இருக்கா, டாக்டர் கேக்கணும். மருந்து கொடுத்த பெண் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது உனக்கு மூச்சு இழுத்து, உதடு நீலமாகி, உன்னை மோட்டார் சைக்கிளில் எனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் நசுக்கி வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் பறந்த நாள் கண் முன்னால் வந்தது. மாத்திரை உன் உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். மாத்திரை தெறித்து ஃபிரிட்ஜுக்கு அடியில் உருண்டது. "எக்ஸ்பயர் ஆயிடுச்சு" என்றேன். "இப்பதானே வாங்குனீங்க?" என்றாய். உன் மாமியார் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். பிறந்ததிலிருந்து கூடவே இருந்த ஜோக் ஒன்றுகூட வரவில்லை. வந்தது இதுதான்: "உங்கம்மாவுக்கு வலிப்பு வந்துச்சு சுகு. நீ வயித்துல இருக்கும்போது. பிரஷர் ஏறி."

மீதி உனக்குத் தெரியும். உன் மாமியார் அடுப்பை அணைத்தார். எத்தனாவது மாதம், டாக்டர் என்ன சொன்னார், இவளுக்கு இப்ப எத்தன வாரம் என்று மூன்று கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வாசலைப் பார்த்து, "கதிர், தொட்டிய வெச்சிட்டு வண்டிய எடு. கிளினிக்கு நாலு மணிக்கு மூடிடுவாங்க" என்றார். அந்தக் குழப்பத்தில் நான் போத்தலைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். காரில் ஏறுவதற்கு முன்னால்தான் நீ அந்த நன்றியைச் சொன்னாய்.

கிளினிக்கில் நர்ஸ், புத்தகத்தில் 'இல்லை' என்று இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். அந்தப் பேனா கீறிய சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். டாக்டர் உன் ஆஸ்துமாவைப் பற்றிப் பத்து நிமிஷம் கேட்டார். வலி மாத்திரை எதற்காவது முன்பு மூச்சுத் திணறியிருக்கிறதா, வயிற்றில் புண் உண்டா, இரத்தம் போகிற கோளாறு உண்டா. நீ ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னாய். நான் போத்தலில் போட்டுக் கொண்டுவந்தபோது இதில் ஒரு கேள்விகூட என்னிடம் இல்லை. பிறகு அஸ்பிரின் எழுதிக் கொடுத்தார், கூடவே கால்சியமும். உனக்கு ஒத்துக்கொள்ளும் என்று பார்த்துக் கொடுத்தார். அது டாக்டர் செய்தது. ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அது நான் செய்ததாக இருந்திருக்கும். "இது கேரண்டி இல்ல, வர்ற வாய்ப்பக் குறைக்கும், அவ்வளவுதான். நாள் தவறாம போடணும், பிரஷர் பாக்க வரணும்" என்றார். நீ வெளியே போன பிறகு, பதினோரு நாள் முன்னால் தொடங்கியிருந்தால் என்று கேட்டேன். "பதினாலு வாரம் லேட் இல்ல அங்கிள்" என்றார். எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

கிளம்பும்போது உன் மாமியார் கார் வரைக்கும் வந்தார். நீ கேட்காத தூரத்தில் சொன்னார்: "நோய மறச்சதுக்குக் கோவம் இல்ல அண்ணே. என் கையில தட்டக் குடுத்துக்கிட்டே மறச்சீங்க பாருங்க, அதுதான்." இன்று வரைக்கும் எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறார். அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் என் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை. அவர் செய்வது சரி.

அப்புறம் ஐந்து மாதம். சாப்பிட்டு முடித்து மாத்திரை போட்டதும் நீ எனக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாய். நான் என் மாத்திரையைப் போட்டுவிட்டுத் திருப்பி அனுப்புவேன். அப்பாவும் மகளும் ஒரே மாத்திரை, எனக்கு ஓடிக் களைத்த இருதயத்துக்காக, உனக்கு வயிற்றில் ஓட ஆரம்பித்திருக்கிற ஒன்றுக்காக. ஒரு நாள் உன் படம் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. நான் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். உன் அம்மா சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாங்கி மாட்டி வைத்தாள்.

வளைகாப்பு ஏழாம் மாதம் நல்லபடியாக நடந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். போனில் நீ பேசும்போதெல்லாம் வளையல் குலுங்கும், உன் அம்மா அதையே கேட்டுக்கொண்டிருப்பாள். போன வாரம் முப்பத்தாறு வாரம் ஆனதும் அஸ்பிரினை நிறுத்தச் சொன்னார்கள். பிரசவம் நெருங்கினால் நிறுத்துவது வழக்கம்தான் என்றார்கள். கட்டைவிரல் படமும் நின்றது. அதற்கு மூன்றாம் நாள் நீ போனில் கதிரைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "கைய ஆட்டு" என்றாள். "என்னம்மா?" "கைய ஆட்டுடி. ஏன் சத்தம் கேக்கல?" நீ ஆட்டினாய். சத்தம் வரவில்லை. வளையல் எல்லாம் கையில் இறுகிப்போயிருந்தது. வெயிலுக்கு வீக்கம் என்று நினைத்தேன் என்றாய். "இப்பவே கிளினிக்குக்குப் போ. இப்பவே" என்றாள். அவள் வலது கை மூடியிருந்தது. நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றாறு என்று கதிர் போன் பண்ணினான். பிரசவம் முடியாமல் கழற்றக்கூடாத வளையலை உன் அம்மா மறுநாள் வந்து ஒவ்வொன்றாக அவள் கையாலேயே உடைத்து எடுத்தாள். உன் மாமியார் துணி விரித்துப் பிடித்துக்கொண்டார்.

போத்தல் விஷயத்தை உன் அம்மாவுக்கே அன்று திரும்பி வரும் வழியில்தான் சொன்னேன். மறுநாள் சொன்னாள்: "அவகிட்ட எழுதிக் குடுங்க. வாயால சொன்னா நடுவுல ஜோக் வந்துரும்." அதனால்தான் கடிதம். எழுதும்போதும் வருகிறது, நீயே பார்த்திருப்பாய். எவ்வளவோ அடக்கித்தான் இவ்வளவு.

உன் நன்றியை எடுத்துக்கொள் சுகு. அதற்குப் பதிலாக எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். கொஞ்ச நாள் நீ என்னிடம் பேசாமல் இருந்தாலும் சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். யாராவது அன்போடு ஒரு மாத்திரையை நீட்டினால், அது நானாகவே இருந்தாலும், இது என்ன, எதற்கு, டாக்டருக்குத் தெரியுமா என்று கேள். நான் கோபித்துக்கொண்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. பிறந்திருப்பது பெண்ணாக இருந்தால், ஒரு நாள் அவளிடமும் ஒரு நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்பார். அப்போது அவளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

நாளை வார்டில் சேர்க்கும்போது எல்லாக் கேள்வியையும் முதலிலிருந்து கேட்பார்களாம். நான் வந்து சொல்கிறேன் என்றேன். வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள் உன் அம்மா. எனக்கும் வந்தது என்பதை மலாயில் எப்படிச் சொல்வது என்று காலையில் கேட்டாள், சொல்லிக் கொடுத்தேன். இப்போது வறுபடும் சத்தத்துக்கு மேல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "சாயா பூன் டூலு கெனா." கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும். "சாயா பூன் டூலு கெனா." அடுக்களை ஜன்னல் திறந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அவள் குரலைக் குறைக்கவில்லை.

அப்பா